கீழ்ப்பக்கம்

வாழைப்பழத் தோலையும் சோடாப் போத்தலையும் ஒரே வாளியில் போடுவதை நான் ஒருநாளும் பொறுத்ததில்லை. என் வீட்டில் உக்குவது வேறு, உக்காதது வேறு. சேரக்கூடாதவை சேர்ந்தால் இரண்டும் கெடும். ஆகவே தொண்ணூற்றாறில் எங்கள் ஊர்ச் சபை குப்பை பிரிக்கும் நிலையம் அமைக்கத் தீர்மானித்து, இடம் பார்க்கும் குழுவுக்கு மீராமுகைதீன் மரைக்கார்தான் தலைவர் என்றபோது எவரும் ஆச்சரியப்படவில்லை. பள்ளிவாசல் நிர்வாகத்தில் எங்கள் குடிக்காக இருக்கும் மரைக்கார் நான். என் வாப்பாவும் மாமாவும் இருந்து பேசிய இடங்களில் நான் இருந்து பேசுகிறேன்.

நீங்கள் வெளியூர் அதிகாரி என்பதால் சொல்கிறேன். எங்கள் பகுதியில் வீடு வளவு பெண்பிள்ளைக்குப் போகும். என் மனைவி கண்ணை மூடி மௌத்தாகும் முன் வயலோரத்து வளவை ஒரே மகள் றாஹிலாவுக்கு எழுதிக் கொடுத்தாள். அந்த மகள், மருதமுனைக் கைத்தறி முதலாளி வீட்டில் நான் பேசி வைத்திருந்த சம்பந்தத்தை உதறிவிட்டு, சைக்கிளில் பழைய இரும்பும் வெறும் போத்தலும் வாங்கித் திரிந்த ஜவுபரைக் கலியாணம் முடித்தாள். அவன் கெட்டவன் அல்ல, தவறாமல் தொழுகிறவன். ஆனால் சந்தையில் ஒருவன் என் முதுகுக்குப் பின்னால், "போத்தல்காரன்ட மாமா போறாரு" என்றான். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். வளவைப் பறிக்க எனக்கு உரிமையில்லை. அவர்கள் தாமாக ஊரைவிட்டுப் போக வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

கடற்கரையில் நிலையம் அமைக்க மீனவர்கள் விடவில்லை. றாஹிலாவின் வேலியைச் சுற்றிக் கிடந்த சபைக்காணியை நான் காட்டினேன். அந்த ஓரத்தில் வேறு வீடு இல்லை. நிலையத்துக்கு மேற்பார்வையாளராக ஜவுபரையே போடச் சொன்னதும் நான்தான். ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது பலர் என் கையைப் பிடித்து, "மரைக்கார்ட மனசு ஆருக்கு வரும்" என்றார்கள்.

திட்டம் வகுத்தவர் இஞ்சினியர் தங்கரத்தினம். பதுளை மலைப்பக்கத்துப் பிள்ளை, கவனமானவர். கண்ணாடிக்கு ஒரு கொட்டில், தகரத்துக்கு ஒன்று, ஈரக் குப்பை உக்குவதற்கு ஒரு பெரிய குழி. புறப்படும்போது என்னிடம், "குழி மட்டும் அந்த வீட்டுக் கிணத்துக்குக் கீழ்ப்பக்கமா இருக்கணும் ஐயா. அழுகல் தண்ணி இறங்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மலைநாட்டில் கீழ் என்றால் பள்ளம். எங்கள் ஊரில் கீழ் என்றால் கிழக்கு, கடலிருக்கும் திசை. எங்களுக்கு அந்தக் கிழக்குத்தான் மேடு. மணல்மேட்டில் விழுகிற தண்ணீர் மேற்கே வயலுக்கு இறங்கும். நான் குழியைக் கிணற்றுக்குக் கிழக்கே வெட்டுவித்தேன்.

ஜவுபர் தயங்கினான். "மாமா, மேட்டுல வெட்டினா அழுக்கெல்லாம் நம்மட கிணத்துக்குத்தானே வரும்?"

"இஞ்சினியர் கீழ்ப்பக்கம் எண்டவர். நீ அவரவிடப் படிச்சிரிக்கியோ?"

அவன் கூலியாட்களுக்கு இடத்தைக் காட்டினான். மாதச் சம்பளமுள்ள வேலை அவனுக்கு அதுதான் முதல்.

மாரி பிடித்தது. மீன்சந்தைக் கழிவு முழுவதும் அந்தக் குழிக்குப் போனது. ஒரு காலையில் றாஹிலா என் வாசலில் வந்து நின்றாள், கலியாணத்துக்குப் பிறகு முதன்முறையாக. கையில் ஒரு போத்தல் தண்ணீர்.

"வாப்பா, உங்கட பேத்தி அப்னாக்கு வயித்தால போறது நிக்குதில்ல. கிணத்துத் தண்ணி அழுகி மணக்கு. நீங்க ஒரு சொல்லுச் சொன்னா குழிய மூடிருவாங்க."

"மாரித் தண்ணி அப்படித்தான் மகள். பிடிக்காட்டி வளவ வித்துப்போட்டு வேற ஊருக்குப் போங்க."

"உம்மா தந்த வளவு. நான் போகமாட்டன்." அவள் போத்தலைத் திறந்து நீட்டினாள். "மாரித் தண்ணிதானே. ஒரு மிடறு குடிங்க."

"நான் இண்டைக்கு நோன்பு."

அவள் என் வாயைப் பார்த்தாள். "வெத்திலைச் சிவப்புக் காயல்லயே வாப்பா" என்றாள். போத்தலை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

அந்தக் கிழமையே அப்னா மௌத்தானாள். பால்பல் விழத் தொடங்காத பிள்ளை. ஜனாஸாத் தொழுகையில் முன்வரிசையில் நின்றேன். மரைக்கார் வேறெங்கே நிற்பது.

சபையின் விசாரணை சீக்கிரம் முடிந்தது. தங்கரத்தினம் வேலையை இழந்தார். "நான் வெளங்கச் சொல்லியிருக்கணும் ஐயா" என்று என் கையைப் பிடித்து அழுதார். அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். என்னைப் பற்றி, வயதானவர், திசை குழம்பிவிட்டது என்று எழுதினார்கள். அதைத் திருத்தத்தான் உங்களை வரச் சொன்னேன். எங்கள் குடியில் எவரும் தன் ஊரின் மேடுபள்ளம் அறியாதவர் அல்ல. இஞ்சினியர் எதைச் சொன்னார் என்று எனக்கு அப்போதே விளங்கியது. விளங்கித்தான் வெட்டுவித்தேன். அந்த வீட்டில் சின்னப்பிள்ளை இருந்ததும் தெரியும். நான் கெடுத்தது கிணற்றை, குடித்தது அவர்கள்.

றாஹிலாவும் ஜவுபரும் போய்விட்டார்கள். எங்கே என்று நான் விசாரிக்கவில்லை. சந்தையில் இப்போது எவரும் சிரிப்பதில்லை.

ஒன்றுதான் மனதை உறுத்தியது. நோன்பு என்று மகளிடம் சொன்னது பொய். இந்தக் காரியத்தில் நான் சொன்ன ஒரே பொய். அப்னாவை அடக்கிய அன்று ஒரு நோன்பு பிடித்து அதைத் தீர்த்துக்கொண்டேன். இனி என்மேல் ஒன்றும் இல்லை.