இழுத்துப் பார்த்த பூட்டு

வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பது என் வழக்கம். ஒரு முறை போதாதா என்று கேட்பார்கள். எனக்குப் போதாது. நேற்று உங்களோடு கிளம்பும்போதும் இழுத்துப் பார்த்தேன். நீங்கள் ஜீப்புக்குப் பக்கத்தில் பொறுமையாக நின்றீர்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. அதனால் எழுதித் தரச் சொன்னதை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என் பெயர் ஞானமேரி. அஸ்தம்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லித் தருகிறேன். என் கணவர் சூசைமாணிக்கம் ரோடு ரோலர் ஓட்டியவர், நாமக்கல் பக்கத்துக்காரர். தங்கமான மனுஷன் என்று தெருவே சொல்லும். குடித்தால் வேறு ஆள். என் இடது மணிக்கட்டு சரியாக மடங்காததை கைரேகை எடுக்கும்போது நீங்களே பார்த்தீர்கள்.

இருபத்து மூன்று வருடம் அவருடைய ஸ்கூட்டர் ஸ்டாண்டு சத்தத்தை வைத்துத்தான் பிழைத்தேன். ஒரே மிதியில் ஸ்டாண்டு நின்றால் அன்றைக்குக் குடிக்கவில்லை. ஒரு தடவை சறுக்கினால் சோற்றைப் போட்டு மூடிவிட்டு ஒதுங்கிக்கொள்வேன். இரண்டு மூன்று தடவை சறுக்கினால் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன். பயம்தான். ஆனால் எப்போது பயப்பட வேண்டும் என்று தெரிந்த பயம்.

பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. குடியை மறக்க வைக்கும் பொடி, குடிப்பவருக்குத் தெரியாமலே சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம் என்று. நம் பக்கத்தில் எத்தனையோ பெண்கள் இதைச் செய்கிறார்கள், யாரும் வாய் திறப்பதில்லை. சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்களாகத் தந்தார்கள். தினமும் அவர் கிண்ணத்து ரசத்தில் ஒரு சிட்டிகை. விற்றவர் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார். இது உடம்பில் இருக்கும்போது குடித்தால் ஆளைப் புரட்டி எடுத்துவிடும், அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து. நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

விற்றவர் சொன்னபடியே நடந்தது. குடித்துவிட்டு வந்தவருக்கு முகம் சிவந்தது, நெஞ்சு படபடத்தது, வாந்தி நிற்கவில்லை. இரண்டு முறை அப்படி ஆனது. அதற்குப் பிறகு பதினான்கு மாதம் அவர் ஒரு சொட்டு தொடவில்லை. பங்குக் கோயில் ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று, "ஒரு கை என்னயத் தொட்டு நிறுத்திப் போடுச்சுங்க" என்றார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

என் வாழ்க்கையிலேயே நான் அதிகம் பயந்தது அந்தப் பதினான்கு மாதத்தில்தான். ஸ்டாண்டு தினமும் ஒரே மிதியில் நின்றது. அவர் வெங்காயம் உரித்துக் கொடுத்தார், துணி மடித்து வைத்தார். தண்ணீர்ச் செம்பை எடுக்க அவர் கை நீண்டால்கூட என் தோள் தானாக ஒடுங்கும். இவரை நிறுத்தி வைத்திருப்பது என் பொடியா, இவர் மனசா? பொடி என்றால் பயமில்லை. மனசு என்றால் அது எந்த நாளும் மாறும். பொடி பழசாகிச் சக்தி போயிருந்தால் என்ன செய்வது? அவர் குடிக்காதவரைக்கும் இதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. தூக்கம் போனது. இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையைத் தூக்குகிறவள், கேட் சத்தம் கேட்டால் குளியலறைத் தாழ்ப்பாளைப் போய்ப் பிடித்துக்கொள்வேன்.

இந்த நிலைமையில்தான் என் தம்பி ஆண்ட்ரூஸ் இத்தாலியிலிருந்து வந்தான். அங்கே ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவனுக்கு. அவர் தன் நிலவறையில் இருபது வருடம் படுக்க வைத்திருந்த ஒயின் பாட்டில் ஒன்றை அவனுக்குக் கொடுத்திருந்தார். பரோலோ என்று பெயர். எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது, அன்றைக்குத் திறக்கலாம் என்று வியாழக்கிழமையே போனில் சொன்னான். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் ரசத்தில் நான் சிட்டிகை போடவில்லை. முழுப் பொட்டலத்தையும் ரசத்திலேயே கொட்டினேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் ஆண்ட்ரூஸ் பாட்டிலைத் திறந்து கண்ணாடி ஜக்கில் மெதுவாக ஊற்றினான். அடியில் மண்டி தங்கியிருந்தது. இரண்டு மணி நேரம் காற்றாட விட வேண்டும், அப்போதுதான் இறுக்கம் விடும் என்றான். பழைய செங்கல் நிறம். நான் முகர்ந்து பார்த்தேன். மாதா சுரூபத்துக்குப் போட்ட ரோஜா மாலை மறுநாள் வாடியிருக்கும்போது வருகிற வாசனை. ஒரு வாய் குடித்தேன். கொட்டைப்பாக்கைக் கடித்த மாதிரி ஈறெல்லாம் இழுத்துப் பிடித்தது. கறிக் கொழுப்போடு சாப்பிட்டால் துவர்ப்பு அடங்கும் என்றான். அடங்கியது.

அவர் டம்ளரைத் தள்ளி வைத்தார். "வேண்டாம்ப்பா. நின்னது நின்னபடியே இருக்கட்டும்" என்றார். ஆண்ட்ரூஸ் வற்புறுத்தவில்லை. போன் வந்தது, பேசிக்கொண்டே மொட்டை மாடிக்குப் போய்விட்டான்.

நான்தான் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினேன். பூசையில் சாமியார் குடிப்பதும் ஒயின்தானே, கல்யாண நாளுக்கு ஒரு வாய் என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"நீ சொல்லு மேரி. குடிக்கட்டுமா? ஒண்ணும் ஆகாதில்ல?"

"ஒண்ணும் ஆகாதுங்க. குடிங்க."

குடித்தார். கண்ணை மூடி நாக்கைச் சப்பினார். "தார் வாசம் வருது புள்ள, ரோட்டுல கொதிக்கற மாதிரியே" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. பத்து நிமிடத்தில் அவர் கழுத்து சிவந்தது. பொடி வேலை செய்தது. எவ்வளவு நிம்மதி என்று எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது தடவை ஊற்றினேன். "மூஞ்சி எரியுது மேரி, பழையபடி வருது" என்றார். வெயில் என்றேன். என்னை ஒரு முறை பார்த்துவிட்டுக் குடித்தார். மூன்றாவது தடவை அவரால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. நான் பிடித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன டாக்டர் இரண்டு முறை கேட்டார், இவர் ஏதாவது மருந்து சாப்பிடுகிறாரா என்று. ஒரு மருந்தும் இல்லை என்றேன். இரண்டு முறையும் சொன்னேன். நாலே முக்காலுக்கு உயிர் போனது. கடைசிவரை என் இடது மணிக்கட்டைப் பிடித்திருந்தார், வலிக்காமல்.

அவருடைய ரோலர் சீட்டுக்கடியில் இருந்த டப்பாவில், ஜெபப் படத்தோடு மடித்து வைத்த என் பொட்டலக் காகிதம் ஒன்று கிடைத்ததாக நேற்று சொன்னீர்கள். கூட வேலை செய்யும் பச்சமுத்துவிடம் அவர் போன வருடமே அதைக் காட்டி, "ஊட்டுக்காரி எனக்குத் தெரியாம போடறா. தெரியாத மாதிரியே தின்னுக்கறேன், அதுவாச்சும் என்னய நிறுத்தட்டும்" என்று சொன்னாராம். இரவெல்லாம் யோசித்தேன். ஒண்ணும் ஆகாதில்ல என்று அன்றைக்கு அவர் என்னிடம் கேட்டது பொடியைப் பற்றித்தான் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

அவர் என்னிடம் சொல்லியிருக்கலாம், அம்மா. சொல்லியிருந்தால் ஒரு முறை இழுத்துப் பார்த்ததோடு விட்டிருப்பேன்.