நாற்பத்தோராம் பக்கத்துப் பதினோரு பேர்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே! அவர் வாங்கிய பம்பு ஆலையை அரும்பாடுபட்டு ஆளாக்கிய பெரியோர்களே! பிள்ளைகளைப் பள்ளிக்கும் பம்புகளைக் கடைக்கும் அனுப்பிவைக்கும் தாய்மார்களே! பேச்சு எப்போது முடியும், சாப்பாடு எப்போது வரும் என்று என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் கடைசி வரிசைத் தோழர்களே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்!

இரண்டு நிறுவனங்கள் இன்று முறைப்படி ஒன்றாகின்றன. அதற்குத் திட்டம் தீட்டிய திருவாளர் யார்? அடியேன்தான்! கைதட்டாதீர்கள், முழுக்கதையையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

இருநூற்றுப் பத்துப் பக்கத் திட்டம்! வளர்ந்துவரும் சந்தை என்றேன், வாய்ப்புகளின் வாசல் என்றேன், வண்ண வண்ணமாய் வரைபடம் போட்டேன். நாற்பத்தோராம் பக்கத்தில் 'தேவையற்ற பணியிடங்கள்' என்று பதினொன்றைப் பட்டியலிட்டேன். பட்டியலில் முதல் ஆள், இருபது ஆண்டுகளாகப் போனில் ஆர்டர் எடுத்த அக்கா. அவர் வேலையை இனி இயந்திரம் பார்க்கும் என்று எழுதினேன். அவர் முகத்தை ஒருமுறையாவது பார்த்தேனா? இல்லை!

பதினோரு பேரும் வீட்டுக்குப் போனார்கள், இயந்திரம் வந்தது. இனிக்க இனிக்கப் பேசியது. வாடிக்கையாளர் எண்ணைச் சொல்லுங்கள் என்றது. மறுமுனையில் நம் பம்புக் கடைக்காரர்.

"நம்பரா? எனக்கு எதுக்கும்மா நம்பரு? நான்தான் பேசுறேன். அக்காவைக் கூப்பிடு!"

இயந்திரம் மறுபடியும் எண் கேட்டது. "ஏம்மா, காது கேக்கலையா?" என்று போனை வைத்துவிட்டார். அவர் ஒருவரா? நானூறு கடைக்காரர்கள்! எந்தக் கடைக்கு எந்த மோட்டார் போகும், எந்தக் கிழமை எந்தப் பக்கம் லாரி கிளம்பும், எல்லாம் அக்காவின் தலைக்குள் இருந்தது. என் திட்டத்தில் இல்லை. பத்தே நாளில் ஆர்டர் பாதியானது. இன்னும் ஒரு மாதம் இப்படிப் போனால் ஆலையை மூட வேண்டியதுதான் என்று தலைவரே சொல்லிவிட்டார். சந்தை வளர்ந்துதான் இருந்தது ஐயா. வளராமல் இருந்தது என் மூளை!

என்ன கடைசி வரிசை அண்ணே? 'இப்பவாவது தெரிஞ்சுதே' என்கிறீர்களா? தெரிந்தது அண்ணே, நன்றாகவே தெரிந்தது!

நேற்று அக்கா வீட்டுக்கு ஓடினேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"திரும்ப வாங்கக்கா."

"நான் மட்டும் வந்தா போதுமா தம்பி? உங்க நாப்பத்தோராம் பக்கத்துல இன்னும் பத்து பேர் இருக்காங்களே. அவங்களையும் கூப்பிடுங்க, வர்றேன்."

"அப்போ மிஷின்?"

"இருந்துட்டுப் போகட்டும். நான் சாப்பிடப் போறப்ப அது பேசட்டும்."

"தலைவர் ஒத்துக்கணுமேக்கா!"

"மேடையில கேளுங்க. அத்தனை பேர் முன்னாடி எப்படி மாட்டேம்பாரு?"

தலைவர் அவர்களே, கேட்கிறேன்! அந்தப் பதினோரு பேரையும் இதோ மூன்றாம் வரிசையில் உட்கார வைத்திருக்கிறேன். நீங்கள் வாங்கியது கூரையையா? குழாயையா? கடைக்காரர் நம்பிக் கூப்பிடும் குரலை அல்லவா வாங்கினீர்கள்! வாங்கிய பொருளை வாசலில் வைத்துவிட்டு வெறும் பெட்டியை வீட்டுக்குத் தூக்கிப் போவார் உண்டா?

சிரிக்கிறார்! தலையசைக்கிறார்! தலையசைத்தால் போதாது ஐயா. இதோ வேலை ஆணை, இதோ பேனா.

போட்டுவிட்டார்! அக்கா, பதினோரு பேருக்கும் கையெழுத்தாகிவிட்டது. உங்கள் வேலையை ஒரே வரியில் வெட்டிவிட்டேன். அதற்காக வெட்கப்படுகிறேன், மன்னித்துவிடுங்கள். நாளைக் காலை ஒன்பது மணிக்கு அந்தப் போன் அடிக்கும். நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

பசியோடும் பொறுமையோடும் கேட்ட உங்களுக்கு என் நன்றி. மூன்றாம் வரிசைக்கு மட்டும் பதினோரு தனி வணக்கம்!