பத்துக்குள் ஓர் எண்

மதியத்துக்கு மேல் நான் காபி குடிப்பதில்லை. விசாரணைக்குக் கூப்பிட்ட நீங்களே ஊற்றிக் கொடுத்துவிட்டீர்கள், மறுத்தால் நன்றாயிருக்காது என்று குடிக்கிறேன். எங்கள் டுலூத் ஊர்ப் பக்கத்து ஆட்கள் பெரும்பாலும் இப்படித்தான். அடுத்தவர் முகம் சுருங்கினால் எங்களுக்குத் தாங்காது.

பத்தொன்பது வருடமாக ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் இருக்கிறேன். பிறந்த குழந்தைக்குக் கிருமித் தொற்று இருக்கிறதா என்று ரத்தம்தான் சொல்ல வேண்டும். சி.ஆர்.பி. என்று ஒரு புரதம். அது பத்துக்குள் இருந்தால் நிம்மதி, ஏறினால் ஆபத்து. பிறந்த அன்று வரும் எண்ணை நம்ப முடியாது. தொற்று இருந்தாலும் அது ஏற ஒரு நாள் பிடிக்கும். அதனால்தான் மறுநாளும் குதிகாலைக் குத்துகிறார்கள். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

குதிகாலைப் பிதுக்கி எடுக்கும் ரத்தத்தில் பல நேரம் அணுக்கள் உடைந்துபோய், மேலே தெளிய வேண்டிய சீரமும் சிவந்து வரும். அதை இயந்திரத்தில் வைக்க முடியாது. நான் குழந்தைகள் வார்டுக்குப் போன் செய்து, திரும்ப எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். போனை மார்டா எடுப்பார். நல்ல நர்ஸ், நாக்கு மட்டும் கொஞ்சம் கூர்மை. போன வருடம் ஒரே குழந்தைக்கு மூன்றாவது தடவை கேட்டபோது சொன்னார்:

“வெர்லின், மறுபடியும் நீங்கதானா? இந்தப் பிஞ்சுக் கால்ல குத்த இனி இடமில்ல. நீங்களே மேல வந்து குத்துங்க, அது கத்துறதையும் கேட்டுட்டுப் போங்க.”

அதன்பிறகு போனை எடுப்பதையே தள்ளிப்போட்டேன். வயது ஐம்பத்தாறு, ஆனாலும் எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த வாரம் இன்னொரு குழந்தையின் ரத்த மாதிரி சிவந்து வந்தது. அந்தக் குழந்தைக்கு முந்தின நாள் எண் மூன்று. நான் சோதிக்காமலே நான்கு என்று பதிந்தேன். அதே எண்ணைப் போட்டால் யாராவது கவனிப்பார்கள். குழந்தை நலமாக வீட்டுக்குப் போனது. ஒரு குத்து மிச்சமாயிற்று. அன்று நான் நன்றாகத் தூங்கினேன். பிறகு இன்னும் சில குழந்தைகள், எல்லாம் நலமாகவே போயின.

ஜனேல் டாலிஃப்சனின் மகள் சோல்வேயைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

அவளுடைய இரண்டாவது மாதிரியில் குறை ஒன்றுமில்லை. சீரம் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருந்தது. இயந்திரமும் சும்மாதான் இருந்தது. ஆனால் எண் முப்பதைத் தாண்டினால் நானே போன் செய்து சொல்ல வேண்டும் என்பது விதி. அன்று வார்டில் மார்டாவின் முறை. அதனால் மாதிரியை இயந்திரத்தில் வைக்காமலே ஐந்து என்று பதிந்தேன். அந்த ஐந்தைப் பார்த்துத்தான், தொற்று இருக்குமோ என்று கொடுத்துவந்த மருந்தை டாக்டர் நிறுத்தினார். மூன்றாம் நாள் நண்பகலில் குழந்தை போய்விட்டது.

மாலையில் அந்த மாதிரியை எடுத்து ஓட்டிப் பார்த்தேன். தொண்ணூற்று நான்கு. குழாயைக் குப்பையில் போட்டேன்.

துக்க வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது. எங்கள் ஊரில் இறைச்சியோடு சுட்டெடுக்கும் உருளைக்கிழங்கு ஹாட்டிஷ் ஒரு தட்டு செய்து எடுத்துப்போனேன். ஜனேல் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், “டெஸ்ட் எல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு?” ஆமாம் என்றேன். அந்த நேரத்தில் வேறு எதைச் சொல்லி அவளைப் புண்படுத்துவது?

நான் கல்நெஞ்சன் இல்லை. யாரையும் நோகடிக்கக்கூடாது என்றுதான் எல்லாம் செய்தேன்.

அதற்குப் பிறகும் செய்தேனா என்று கேட்டீர்கள். செய்தேன். இன்று காலையும்தான். நான்காம் தொட்டிலில் ஒரு பையன், பிறந்து ஒரு நாள். ரத்தம் கீழே வந்து சேர்ந்தது. அதை ஓட்டாமலே ஆறு என்று போட்டுவிட்டு உங்கள் போலீஸ் காரில் ஏறினேன். குழாய் குளிர்பெட்டியில் இருக்கிறது. மருந்தை இந்நேரம் நிறுத்தியிருப்பார்கள்.

இப்போதே சொன்னால் பையன் பிழைக்கலாம் என்கிறீர்கள். எனக்கும் அது தெரிகிறது. உங்களைவிட எனக்குத்தான் நெஞ்சு அதிகமாக அடித்துக்கொள்கிறது. போனை என் பக்கம் தள்ளாதீர்கள். நீங்களே பேசிவிடுங்கள். மார்டா எடுத்தால், நான் சொன்னதாக மட்டும் சொல்ல வேண்டாம்.