மீட்டருக்குச் சொல்லிக்கொடுத்தது

காலையில் மொட்டை மாடியில் குருவிகளுக்குத் தண்ணீர் வைப்பது என் வழக்கம், அய்யா. இன்று யாரும் வைத்திருக்க மாட்டார்கள். அதுதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. மற்றதை நீங்கள் கேட்டபடியே சொல்கிறேன்.

வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் நான் பாதுகாப்பு சூப்பர்வைசர். கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆள் இறங்கும் முன் விஷவாயு இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்ப்பது என் பொறுப்பு. அந்த மீட்டரை முதலில் திறந்தவெளியில் வைத்து ஜீரோ பொத்தானை அழுத்த வேண்டும். இதுதான் நல்ல காற்று என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பது போல. பிறகு எந்தக் காற்றையும் அதோடு ஒப்பிட்டுத்தான் அது பேசும். எங்களுடையது பழைய மீட்டர். சொன்னதை அப்படியே நம்பும்.

பேச்சிராஜ் தொட்டி சுத்தம் செய்யும் கான்ட்ராக்ட் ஆள். தென்காசிப் பக்கம். வடக்குப்பட்டில் என் வீட்டு மாடி அறையில்தான் வாடகைக்கு இருந்தான். அவன் வந்த கோடையில் என் டேபிள் ஃபேனை எடுத்துக் கொடுத்தேன். ஞாயிறு ஆராதனைக்கு அவனையும் கூட்டிப்போவேன். அவன்மேல் எனக்கு ஒருநாளும் கோபம் இருந்ததில்லை.

போன மாதம் என் மகள் ஷெர்லின் சொன்னாள். "அப்பா, நானும் பேச்சியும் ரெஜிஸ்டர் பண்ணிக்கப் போறோம். நீ வந்து பக்கத்துல நின்னா போதும்பா."

அவள் தலையில் கைவைத்து ஜெபித்தேன். ஆனால் சபையில் ஒருவர், "அந்தப் பையன் இன்னா ஆளுங்க?" என்று கேட்டார். அவன் என்ன சாதி என்று எனக்குத் தெரியும். தென்காசிப் பக்கம் என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட்டேன்.

"ஆள் வெச்சு ரெண்டு தட்டு தட்னா ஊரப் பாக்க ஓடிடுவான், மாமா" என்றான் என் மைத்துனன். நான் சம்மதிக்கவில்லை. அடித்தால் வலிக்கும். ஒருவரை வலிக்கச் செய்ய எனக்கு மனம் வராது. தொட்டிக்குள் வாயு நிறைந்திருந்தால் இரண்டு மூச்சுதான். பயப்படக்கூட நேரமிருக்காது.

செவ்வாய்க்கிழமை மற்றவர்கள் டீக்குப் போயிருந்தபோது, மீட்டரின் குழாயைத் தொட்டிக்குள் விட்டு, அங்கிருந்த காற்றை இழுக்கவைத்து, ஜீரோ பொத்தானை அழுத்தினேன். மேலே காவலுக்கு நிற்கும் மாசானம் அதைப் பார்த்துவிட்டான். அவனும் பேச்சிராஜும் ஒரே அறை.

"என்ன அண்ணாச்சி, குழாய உள்ள விட்டுட்டு அமுக்குதிய? வெளிய வச்சுல்லா அமுக்கணும்?"

"பேட்டரி பாத்துகினு கீறேன்பா. நீ எப்போ இன்ஜினியர் ஆன?"

சிரித்தான். நல்ல பையன்.

பேச்சிராஜ் வந்து மீட்டரை எட்டிப் பார்த்தான். "ஜீரோன்னா பாஸா, ஃபெயிலா, மாமா?"

அன்றுதான் முதல்முறையாக என்னை மாமா என்றான்.

"பாஸ்" என்றேன்.

ஏணியின் கடைசிப் படியைத் தொடும் முன்பே விழுந்தான். மாசானம் ஏணியில் கால் வைத்தவன், நின்று என்னைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, அப்பம் நீங்க அமுக்குனது..."

மூச்சுக்கருவி இருக்கும் அலமாரியின் சாவி என் சட்டைப்பையில் இருந்தது. அதை எடுக்கவில்லை. மீட்டரை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

"பாரு, ஜீரோ. வெறும் வயித்துல எறங்கிட்டான், மயக்கம். போய்த் தூக்குப்பா."

இறங்கினான்.

பார்த்ததை வெளியே சொல்லிவிடுவான் என்றுதான் அவனையும் அனுப்பினேனா என்று கேட்கிறீர்கள். ஆமாம், அதுவும் மனதில் இருந்தது. மறைக்கவில்லை. ஆனால் சிநேகிதனைத் தூக்க இறங்குவது பெரிய அன்பு, அய்யா. அதைத் தடுக்க நான் யார்?

ஷெர்லின் அன்றிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று கான்ஸ்டபிள் அம்மா சொன்னார்கள். அவளுக்குக் கொஞ்சம் கஞ்சி வாங்கிக் கொடுங்கள். அப்பா கொடுக்கச் சொன்னார் என்று சொல்லுங்கள், சாப்பிடுவாள்.