செபஸ்தியம்மாவுக்கு நாம் போர்த்திய பொன்னாடை

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, முன்வரிசைக் கதிரைகளைப் பிடித்துக்கொண்ட பங்குச்சபைப் பெருமக்களே, இடமில்லாமல் வாசலில் நிற்கும் கொழும்புத்துறை மக்களே, அனைவருக்கும் வணக்கம்.

வெளியே ஒன்பது அஞ்சலிப் பதாகைகள் கட்டியிருக்கிறோம். ஒன்பதிலும் 'இறைபணிச் செம்மல் செபஸ்தியம்மா' என்று அச்சடித்திருக்கிறோம். செம்மலாம்! உயிரோடு இருந்தபோது அந்த மனுசியை நாம் எப்படி நடத்தினோம்? எனக்கு முன் பேசிய நால்வரும் அதைச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

வலை பின்னிப் பிள்ளைகளை வளர்த்து முடித்தபின், அறுபத்தாறாவது வயதில் செபஸ்தியம்மா நம்முடைய நோயாளர் பணிக்குழுவில் சேர்ந்தார். நாமும் அந்தக் குழுவில் இருந்தோம். என்ன செய்தோம்? படுக்கையில் கிடப்பவருக்கு ஒரு செபம், ஒரு பை பழம், பக்கத்தில் நின்று ஒரு படம். அவரோ அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் சுடவைத்தார். "முதல் உடம்பைக் கழுவுவம், தம்பி. பேந்து செபிப்பம்" என்பார். நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு முற்றத்தில் நின்றோம்.

எழுபத்தெட்டு வயதில் அவருடைய கை நடுங்கத் தொடங்கியது. உடனே நமக்கு அக்கறை பிறந்தது! "வயது போட்டுது. விழுந்தால் ஆர் பொறுப்பு?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். "உவ சைவக்காரர் வீட்டுக்கும் எல்லோ போறா" என்று இன்னொருவர் முறையிட்டார். உண்மைக் காரணம் அதுதானே? கைநடுக்கம் வெறும் சாட்டு. திருநாளன்று மேடைக்கு அழைத்தோம், பொன்னாடை போர்த்தினோம், கைதட்டினோம், குழுவிலிருந்து பெயரை வெட்டினோம். "இனி ஓய்வெடுங்கோ அம்மா" என்று போர்த்தியவன் யார்? பங்குச்சபைச் செயலாளன், உங்கள் முன் நின்று பேசும் இந்த அல்பேட்! எவ்வளவு நாகரிகமான கோழைத்தனம்!

அவர் ஓய்வெடுத்தாரா? மூன்று மாதம் கழித்து, நம் ஊர்ச் சைவக்காரப் பிள்ளை உதயகலாவின் வீட்டுக்கு ஒரு கடிதம் கொடுக்கப் போனேன். அந்தப் பிள்ளையின் தகப்பன் ஆழ்வாப்பிள்ளை பக்கவாதத்தில் படுக்கையாகக் கிடப்பவர். அங்கே செபஸ்தியம்மா நிற்கிறார். ஆழ்வாப்பிள்ளையின் இடுப்புக்குக் கீழே நாலாக மடித்து விரித்திருந்தது, நான் போர்த்திய அதே பொன்னாடை! சரிகைக் கரையை மட்டும் வெட்டி எடுத்திருந்தார். "கரை உரஞ்சும், தம்பி. மற்றும்படி நல்ல மெத்தெண்டு கிடக்கு" என்றார். கோபமில்லை, கேலியுமில்லை. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சோறு தின்றேன்.

எண்பத்தொரு வயதுவரை தனியாகவே போய்வந்தவர், ஐந்து நாளுக்கு முன் நம்மை விட்டுப் போனார். இந்த ஐந்து நாளும் ஆழ்வாப்பிள்ளையை யார் கழுவினார்கள்? உதயகலாவால் தனியாக அவரைப் புரட்ட முடியவில்லை. இன்று காலை முதுகில் புண் கண்டிருக்கிறது. அந்தப் பிள்ளை அதோ வாசலில் நிற்கிறது. ஒரு கதிரை கொடுக்கக்கூட முன்வரிசையில் ஒருவரும் எழும்பவில்லை. நாம்தான் இறைபணியாளர்கள்!

'அன்னாரின் பணியைத் தொடர்வோம்' என்று எல்லோரும் எழுந்து நின்று உறுதியெடுப்பதாக நிகழ்ச்சிநிரலில் இருக்கிறது. எழுதியவன் நான்தான். அதை வாசிக்க எனக்கு வாய் வரவில்லை. எனக்கு எழுபத்துமூன்று வயது. முழங்காலும் சரியில்லை. ஆழ்வாப்பிள்ளையைப் புரட்ட இரண்டு பேர் வேண்டும்.

உதயகலா, பிள்ளை, போய்த் தண்ணியைச் சுடவையுங்கோ. ஒராள் நான் வாறன். மற்ற ஆள் ஆரெண்டு இப்ப பாப்பம்.