லூசு ஓனரைக் காணோம்

கல்மண்டபத்தில் ஷேர் ஆட்டோ ஏறி, என் தொப்பைக்கு இடம் தேடிக்கொண்டிருந்தேன். எதிரே, கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கிய இளைஞன் தன் நண்பனிடம் சொன்னான்:

“‘லூசு ஓனரைக் காணோம்’னு ஸ்க்ரீன்ல வந்துச்சு மாமு. ஓனரே நின்னுகினு படிச்சாரு.”

“இன்னாடா சொல்ற?”

“எண்ணூர் கண்டெய்னர் யார்டுல லாரிக்கு எடை போடுற சாப்ட்வேர், நான் எழுதனது. என் லேப்டாப்ல அவரோட ஃபோல்டருக்கு நான் வெச்ச பேரு ‘லூசு ஓனர்’. அத்த அப்டியே ப்ரோகிராம் கோடுக்குள்ள எழுதிட்டேன். அவரு கம்ப்யூட்டர்ல ஏது அந்த ஃபோல்டரு? எடை போட முடியாம லாரியெல்லாம் ரோடு வரிக்கும் நின்னுச்சு.”

“பேஜாரா பூட்சே. அப்பால?”

“அங்கியே குந்தி மாத்தினேன். இப்ப ஸ்டார்ட் ஆவும்போதே எந்த ஃபோல்டர்னு அதுவே கேக்கும். ‘இன்னா பேரு வேணா குடுங்க சார்’னு தலைய குனிஞ்சிகினேன்.”

“இன்னா குடுத்தாரு?”

“அதே பேரு. அவரே டைப் அடிச்சாரு.”

நண்பன் தொடையில் தட்டிச் சிரித்தான். இவன் சிரிக்கவில்லை.

“திட்டினாரா?”

“டீ வாங்கியாந்து குடுத்தாரு மாமு. திட்டியிருந்தா நாளைக்கு அவரு ஆளுங்களுக்கு ட்ரெயினிங் குடுக்கப் போயிருப்பேன். டீயக் குடிச்சிட்டு எந்த மூஞ்சிய வெச்சிகினு போறது?”