கொடி பிடித்தவரின் முகம்

நீலத் திரையைப் பார்த்தால் மனிதர்களுக்கு ஏன் அவ்வளவு கோபம் வருகிறது என்பது எனக்கு வெகுநாள் விளங்கவில்லை, இன்ஸ்பெக்டர் மேடம்.

அரூரில் கல்யாண வீடியோ எடுப்பவன் நான். எங்கள் ஊர்க் கால்பந்துப் போட்டியில் வருடா வருடம் அடிதடி நடக்கும். அடி விழுவது கோட்டோரம் கொடி பிடித்து நிற்கும் நஞ்சப்பன் அண்ணன்மேல்தான். ஆஃப்சைடு என்று கொடியைத் தூக்கினாலும் அடி, தூக்காவிட்டாலும் அடி. டிவியில் செய்வதுபோல் சந்தேகமான கோலை வீடியோவில் சரிபார்க்கலாம் என்று நான் சொன்னபோது, எல்லாரையும்விட மகிழ்ந்தவர் அவர்.

"இனி உன் வீடியோ பதில் சொல்லிக்கும் தம்பி. நான் முழு ஆளா வூடு போய்ச் சேர்ந்தாப் போதும்."

வேலை எளிதானதுதான். பந்து காலைவிட்டுப் பிரியும் கணத்தில் படத்தை நிறுத்தி, குறுக்கே ஒரு கோடு போட்டு, யார் முன்னால் நிற்கிறார் என்று பார்க்க வேண்டும். அதுவரை மைதானத்துப் பெரிய திரையில் வெறும் நீலம். கோல் என்று கத்தி, ஒருவனையொருவன் தோளில் தூக்கியவர்கள் அப்படியே காத்து நிற்பார்கள். பிறகு கோல் இல்லை என்பேன்.

"டேய் வீடியோ, எங்க கோல எந்தப் பொட்டியில போட்டுப் பூட்டி வெச்சிருக்க?"

கல் வந்து விழும். கோட்டையும் சேர்த்துக் காட்டிப் பார்த்தேன். "கோடு கிழிக்கிற கை உன்னுதுதானே?" என்றார்கள். தீர்ப்பு சரி. ஆனாலும் கோபம்.

அரையிறுதியில் கை தவறி வேறு பொத்தானை அழுத்திவிட்டேன். நீலத்துக்குப் பதில் திரையில் நஞ்சப்பன் அண்ணன், சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு.

"யோவ் மாமா, அதுல கண்ணாடி இருக்குதா, வெறும் ஃபிரேமா?"

மைதானமே சிரித்தது, ஏசியது. அந்தக் கோலும் செல்லவில்லை. ஆனால் திரைமேல் ஒரு கல் விழவில்லை. அப்போதுதான் புரிந்தது. பாதியில் நின்ற மகிழ்ச்சி எங்காவது போயாக வேண்டும். நீலத்தில் அதற்குப் போக இடமில்லை.

இறுதிப் போட்டியில் கோல் விழுந்ததும் அண்ணன் கொடியைத் தூக்கினார். முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டது, அவர் தூக்கியது சரி. உடனே சொல்லியிருக்கலாம். ஆனால் கூட்டம் பெரிது, கோபம் இன்னும் வடியவில்லை. அவர் முகத்தை நெருக்கமாகக் காட்டினேன். இம்முறை யாரும் கேலி பேசவில்லை. அவர் திரையைப் பார்த்தார், பிறகு என் கேமராவைப் பார்த்து, வேண்டாம் என்று கையசைத்தார். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். மூங்கில் தடுப்பை உடைத்துக்கொண்டு கூட்டத்தார் அவரை நோக்கி உள்ளே ஓடியபோதும் நான் கேமராவை நகர்த்தவில்லை. நகர்த்தினால் திரை காலியாகிவிடும்.

அடிபட்டு விழுந்த அவர் எழுந்திருக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் தீர்ப்பைப் போட்டேன். ஆஃப்சைடு. யாரும் மறுக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அவர் மகள் பூவிழி என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"அப்பா தூக்கின கொடி சரின்னு உங்களுக்கு எப்பங்க தெரியும்?"

முதலிலேயே என்றேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அவரை நினைத்தால் இன்றும் சோறு இறங்குவதில்லை.

ஆனாலும் அடுத்த வருடம் என் இடத்தில் உட்காருகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்: தீர்ப்பு வரும்வரை திரையைக் காலியாக விடக் கூடாது, யாராவது ஒரு மனிதரின் முகத்தைக் காட்ட வேண்டும்.